பத்தாவது ஆள்

கெடாவில் எங்கள் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. லயத்திலிருந்து வந்து வரிசை பிடித்து நிற்பவர்களைக் கங்காணி தலை தலையாக எண்ணுவார். கிராணி பேர் பதிவார். ஒருவர் வரவில்லையென்றால் அவர் நிரையை இன்னொருவர் வெட்டிவிடுவார். வேலை நிற்காது.

ஒருவர் குறைந்தால் மொத்தமும் நின்றுபோகிற பெரட்டு ஒன்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் பினாங்கில் நடந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் டவுனில் நாகூர் ரோடு என்று ஒரு தெரு. நம் நாகூரின் பெயர்தான். அங்கே 28-ஆம் எண் கட்டடத்தில் 1929 முதல் 1976 வரை ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருந்தது. மலேசியாவில் இருந்த ஒரே கூடம் அதுதான். அதை யாரும் இடிக்கவில்லை, பூட்டச் சொல்லி உத்தரவும் வரவில்லை. பத்துப் பேர் சேரவில்லை, மூடிவிட்டார்கள்.

அந்தப் பத்துக்கு 'மின்யான்' என்று பெயர். எபிரேய மொழியில் 'எண்ணிக்கை' என்று பொருள். தமிழில் 'நிறைகூட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தனியாகவும் தொழலாம், தடையில்லை. ஆனால் திருச்சுருளைத் திறந்து சபைமுன் வாசிக்கவும், சில முக்கியமான வேண்டுதல்களைச் சொல்லவும் பத்துப் பேர் கட்டாயம். மரபுவழிச் சபைகளில் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள். இன்று சில பிரிவுகளில் பெண்களும் கணக்கில் உண்டு. பினாங்கில் இருந்த பாக்தாத் வழி யூதர்களின் மரபில் இல்லை. ஒன்பது ஆண்களும் இருபது பெண்களும் கூடியிருந்தாலும் கூட்டம் நிறையாது. இது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

பூசாரியோ குருவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பது இன்னொரு வியப்பு. 'ரபை' என்பவர் சட்டம் தெரிந்த ஆசான், அவ்வளவே. ஒன்பது மகாபண்டிதர்கள் கூடினாலும் நிறைகூட்டம் ஆகாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பத்துக் கடைக்காரர்கள் கூடினால் ஆகிவிடும். சரி, பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது? வேதக் கதையில் மோசே வேவு பார்க்க அனுப்பிய பன்னிருவரில் பத்துப் பேர் பயந்துபோய்த் தவறான செய்தி கொண்டுவந்தார்கள். அந்தப் பத்துப் பேரை வேதம் 'சபை' என்று குறிப்பிடுகிறது. அப்படியானால் சபைக்குக் குறைந்தது பத்து என்று அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். தவறிப்போன பத்துப் பேரை வைத்துத் தொழுகைக்கு அளவு குறித்த இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பத்தைக் கண்டுபிடிக்க எண்ணித்தானே ஆகவேண்டும்? ஆனால் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அந்த மரபில் ஆகாது. நம் பாட்டிமார் பிள்ளைகளைத் தலை எண்ணவிடாமல் தடுப்பார்களே, அதே கூச்சம்தான். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். எபிரேய மூலத்தில் சரியாகப் பத்தே சொல் கொண்ட ஒரு சங்கீத வசனத்தைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். கடைசிச் சொல்லுக்கு ஆள் இருந்தால் தொழுகையைத் தொடங்கலாம். எண் சொல்லவில்லை, ஆனால் எண்ணியாயிற்று. அந்த வசனம் வருவது 28-ஆம் சங்கீதத்தில். பினாங்குக் கூடத்தின் வீட்டு எண்ணும் 28. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பத்துப் பேர் கூடியதும் பேழையிலிருந்து சுருள் வெளியே வரும். இந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுதான் பார்க்கவேண்டும். பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், கையாலேயே எழுதிய மோசேயின் ஐந்து வேத நூல்கள் அதில் இருக்கின்றன. மொத்தம் 3,04,805 எழுத்துகள். எழுதுகிறவர் 'சோஃபேர்' எனும் சுருளெழுத்தர். மனப்பாடமாகத் தெரிந்தாலும் அவர் மூலத்தைப் பார்த்துத்தான் எழுதவேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டே எழுதவேண்டும். ஓர் எழுத்து அடுத்த எழுத்தைத் தொடக்கூடாது. சுற்றிலும் வெறும் தோல் தெரியவேண்டும். ஓர் எழுத்து விடுபட்டாலும் சரிசெய்யும்வரை அந்தச் சுருளை வைத்து வாசிக்க முடியாது. பிழையைக் கத்தியால் சுரண்டித் திருத்தலாம். இறைவன் பெயரில் பிழை நேர்ந்தால் மட்டும் சுரண்டக்கூடாது. அந்தத் தோல் ஏட்டையே எடுத்துவிட்டு வேறு ஏடு தைக்கவேண்டும். ஒரு சுருளை எழுதி முடிக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

பாக்தாத் மரபில் சுருளை மேசைமேல் கிடத்துவதில்லை. நிற்கிற உருளைப் பெட்டி ஒன்றுக்குள்ளேயே அது குடியிருக்கும். அலமாரிக் கதவு போல இரண்டு பக்கமும் திறந்து, நின்ற நிலையிலேயே வாசிப்பார்கள். தோலில் விரல் படக்கூடாது. அதனால் நுனியில் சின்னக் கையும் நீட்டிய ஆள்காட்டி விரலும் செதுக்கிய ஒரு வெள்ளிக் கோலால் வரியைத் தொடர்வார்கள்.

வாசிப்பவரின் பாடுதான் பெரும்பாடு. எபிரேயத்தின் 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகள். சுருளில் உயிர்க்குறி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, எந்தச் சொல்லை எந்த ராகத்தில் இழுக்கவேண்டும் என்ற குறிப்பும் கிடையாது. தமிழில் இதைச் செய்துபாருங்கள். புள்ளியையும் கொம்பையும் காலையும் எடுத்துவிட்டு 'கல' என்று எழுதுங்கள். கல், கால், கோல், கலை, காலை, கேலி, கோலி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. புள்ளியில்லாத ஓலைச்சுவடியோடு மல்லுக்கட்டிய நம் பதிப்பாசிரியர்களுக்கு இந்த வேதனை புரியும். வாசிப்பவர் வாரம் முழுக்கப் பயிற்சி செய்துகொண்டு வருவார். இரு பக்கமும் ஆள் நின்று, குறியிட்ட அச்சுப் பிரதியில் கண்ணை ஓட்டுவார்கள். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் உடனே சத்தமாகத் திருத்துவார்கள். அவர் திரும்பப் படிக்கவேண்டும். பத்துப் பேர் என்பது வெறும் கூட்டமில்லை, பிழைதிருத்தும் குழுவும்கூட என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதே 22 எழுத்துகள் நம் கரைக்குப் புதியவையும் அல்ல. கி.பி. 849-இல் வட்டெழுத்தில் பொறித்த கொல்லம் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வணிகர்களில் நால்வர், பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

சுருளில் எந்த வாரம் எந்தப் பகுதியை வாசிப்பது என்பதையும் நாள்காட்டி குறித்துவிடுகிறது. ஐந்து நூல்களும் 54 பகுதிகள். ஓராண்டில் ஒரு சுற்று. பாக்தாதில் படித்த பகுதியைத்தான் அதே வாரம் பினாங்கிலும் படிப்பார்கள். தந்தி இல்லாத காலத்தில் எப்படிச் சாத்தியம்? கணக்குதான். அவர்கள் மாதம் நிலவைத் தொடர்வது. பன்னிரண்டு நிலா மாதம் சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. இந்தக் குறையால்தான் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது. யூதர்கள் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறார்கள். தெலுங்கர்களின் அதிக மாசம் போல. ஒரு மணி நேரத்தை 1,080 துளிகளாகப் பிரித்து, அமாவாசைக்கு அமாவாசை 29 நாள், 12 மணி, 793 துளி என்று வைத்தார்கள். ஒரு துளி மூன்று வினாடிக்குச் சற்று அதிகம், ஒரு மூச்சு நேரம். இன்றைய வானியல் கணக்கோடு ஒப்பிட்டால் மாதத்துக்கு அரை வினாடிகூட வித்தியாசமில்லை. நிலவுக் கணக்கில் ஒரு நாள் பிசக ஏறத்தாழ 15,000 ஆண்டு ஆகும். சூரியக் கணக்கில் அவ்வளவு கெட்டியில்லை. இருநூறு ஆண்டுக்கு ஒரு நாள் போலச் சறுக்குகிறது.

வாரத்தின் ஓய்வுநாளான 'ஷப்பாத்' வெள்ளி மாலை தொடங்குகிறது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு வீட்டில் விளக்கேற்றவேண்டும். சனி இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை வேலை இல்லை, தீ மூட்டுவதில்லை, வண்டி ஏறுவதில்லை. லண்டன்காரருக்குக் குளிர்காலத்தில் மதியம் நாலு மணிக்கு முன்பே விளக்கு, கோடையில் இரவு ஒன்பது மணிக்கு. நம் பக்கம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் ஆண்டு முழுக்க முக்கால் மணிக்குள்தான் ஏற்றத்தாழ்வு. வண்டி கூடாது என்பதில்தான் சிக்கல். கூடத்துக்கு நடந்து வருகிற தூரத்தில் பத்து ஆண்கள் குடியிருக்கவேண்டும். ஒருவர் புக்கிட் செலம்பாவில் வேலைக்கு வந்துவிட்டால் அந்தச் சனிக்கிழமைக் கணக்கிலிருந்து அவர் கழிந்துவிட்டார்.

தொழும்போது நிற்பது எருசலேமை நோக்கி. பினாங்கிலிருந்து பூமி உருண்டைமேல் மிகக் குறுகிய கோடு இழுத்துப் பார்த்தேன். மக்காவின் திசைக்கும் எருசலேமின் திசைக்கும் சுமார் 11 பாகைதான் இடைவெளி. கடிகாரத்தில் பெரிய முள் இரண்டு நிமிடம் நகர்வது அவ்வளவுதான்.

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டு ஜார்ஜ் டவுனில் விழுந்தபோது அங்கிருந்த யூதர்களில் பலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். போருக்குப் பின் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று குடும்பங்கள் கலைந்தன. இடையில் 1955 டிசம்பரில் நம் கெடாவுக்கே ஒரு பாக்தாத் வழி யூதர் வந்தார்: சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். பாலிங்கில் மலாயாவின் துங்கு அப்துல் ரகுமானோடு சேர்ந்து கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்குடன் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர் அவர்தான்.

பத்தாவது ஆளின் அருமை துக்கத்தில்தான் முழுதாகத் தெரியும். தாய் தந்தையை இழந்தவர் பதினொரு மாதம் 'காதிஷ்' என்ற வேண்டுதலைச் சொல்லவேண்டும். அதில் சாவு என்ற சொல்லே வராது. இறைவனைப் புகழ்வதுதான் எல்லாம். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. துக்கப்பட்டவர் நாளும் ஒன்பது பேர் இருக்கிற இடத்துக்கு வந்தாகவேண்டும். மூலையில் முடங்கிக் கிடக்கவிடாத ஏற்பாடு. ஒன்பது பேர் இல்லாத ஊரில் அதே ஏற்பாடு வாயைக் கட்டிவிடும்.

பினாங்கில் இப்போது மிஞ்சியிருப்பது இடுகாடு. அது இருக்கும் தெருவுக்கு ஜாலான் சைனல் அபிடின் என்று இன்று பெயர்; முன்பு யஹூடி ரோடு. இருப்பவற்றில் பழைய கல் 1835-ஐச் சேர்ந்தது. 2011-இலும் ஓர் அடக்கம் நடந்தது. வடமேற்கு மூலையில் மட்டும் சில கல்லறைகள் ஒதுங்கி நிற்கின்றன. அவை கோஹன்களுடையவை, பழைய ஆலயக் குருக்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்குப் பிணத்தீட்டு ஆகாது. இடுகாட்டின் உள்ளே நடக்கக்கூடாது. அதனால் அவர்களுடைய கல்லறைகளை ஓரமாக அமைப்பது யூதர்களின் வழக்கம். உறவினர் உள்ளே போகாமலே பார்த்துவிடலாம்.

யூதர்கள் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை, கல் வைப்பார்கள். கதவு திறந்திருந்த ஒரு நாளில் நானும் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, ஒரு பழைய கல்லறையின் மேல் வைத்தேன். அங்கே பல கல்லறைகள் கூரை போல முக்கோணமாகச் சரிந்தவை. கல் நிற்காமல் உருண்டு புல்லில் விழுந்தது. எடுத்து, கீழே அடிமேடையின் விளிம்பில் வைத்தேன், அங்கே நின்றது.