நீல முட்டைக் கோழி: குஞ்சு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

விமான நிலையத்தையும் கல்லூரிகளையும் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்ட லாஸ்பேட்டையில், கொல்லையில் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் அன்பர் ஒருவர் அண்மையில் இரண்டு முட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டும் வெளிர் நீலம். இவற்றை அடைவைத்தால் பிறக்கும் பெட்டைகள் யாவும் நீல முட்டையிடும் என்று சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார்கள். இது மெய்யா, சாயமா என்பது அவர் கேள்வி. மெய்யானால் இருக்கும் கோழிகளை விற்றுவிட்டு இந்த இனத்துக்கே மாறிவிடுவதாக இருந்தார்.

ஒரு முட்டையை உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருந்த சவ்வை உரித்துப் பார்த்தோம். உள்ளேயும் நீலம். ஆகவே சாயமல்ல. பழுப்பு முட்டையில் நிறம் வெளிப்பூச்சாகவே படிகிறது. உட்புறம் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். நீல நிறமோ ஓடு முழுவதும் ஊறியிருக்கும். பச்சை முட்டை என்று சொல்லப்படுவது, நீல ஓட்டின்மேல் பழுப்பு படிந்ததுதான். வாத்து முட்டையிலும் சில நீலச்சாயலாக வருவது நம் சந்தைக்குப் புதிதல்ல. வாங்குவது கோழி முட்டைதானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நீலத்துக்குக் காரணம் பிலிவெர்டின் என்னும் பித்த நிறமி. அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டி, சில நாளில் பச்சையாக மாறுகிறதே, அங்கே தோன்றுவதும் இதே நிறமிதான். கோழியின் மரபணுவில் எப்போதோ புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரஸ் துண்டினால் முட்டைப்பையில் இந்த நிறமி ஓட்டில் சேர்கிறது என்று 2013-ல் கண்டறியப்பட்டது. இது நோயன்று; உண்பவருக்குத் தீங்கும் இல்லை. சத்திலும் சுவையிலும் வேறுபாடும் இல்லை. சர்க்கரை நோய்க்கு நல்லது, கொழுப்பில்லாதது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் மபுச்சே மக்கள் வளர்த்துவந்த கோழிகளை, ஸ்பெயின் நாட்டுப் பேராசிரியர் காஸ்டெல்லோ 1914-ல் கண்டு, 1921-ல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் விவரித்தார். அந்த வழியில் வந்ததே அரவுக்கானா. கறுப்பு, வெள்ளை, பொன்னிறம், சாம்பல் எனப் பல நிறங்களில் உண்டு. சிலவற்றுக்கு வால் இராது. காதோரம் இறகுக்குச்சம் இருக்கும். குச்சமுள்ள சேவலையும் குச்சமுள்ள பெட்டையையும் சேர்த்தால், கருவில் நான்கில் ஒரு பங்கு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். அழகுக்காக ஜோடி சேர்ப்பவர்கள் இதை அறிவதில்லை. சீனாவிலும் நீல முட்டையிடும் நாட்டினங்கள் உண்டு. நம் பக்கத்திலும் 2025-ல் கர்நாடகத்தின் தாவணகெரே மாவட்டம் நல்லூரில் ஒரு கோழி நீல முட்டையிட்டது செய்தியானது.

தாயும் தகப்பனும்

வாங்குவோர் ஏமாறும் இடம் இதுதான். முட்டை ஓட்டின் நிறம் தாய்க்கோழியைப் பற்றி மட்டுமே சொல்லும். உள்ளிருக்கும் குஞ்சின் தகப்பன் எந்தச் சேவல் என்று ஓடு சொல்லாது. நீலக்கூறு மேலோங்கும் தன்மையுடையது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பெட்டை நீல முட்டையிடும். கலப்புத் தாய்க்கோழி அந்தக் கூற்றைத் தன் குஞ்சுகளில் பாதிக்கே கொடுக்கும். தகப்பன் சாதாரணச் சேவலானால் பத்துக் குஞ்சில் ஐந்து பெட்டை என்று வைத்துக்கொண்டாலும், நீல முட்டையிடுவது இரண்டோ மூன்றோதான். அதையும் ஆறு மாதம் தீனி போட்ட பிறகே அறியலாம்.

சேவல் வாங்குவோர் அதன் மகள்களின் முட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரணப் பெட்டைகளுக்குப் பிறந்த ஆறேழு மகள்களும் நீலமிட்டால், சேவல் பெரும்பாலும் சுத்தமானது. ஒரு மகள் வெள்ளையிட்டாலும் அது கலப்பு.

அரவுக்கானா வழியில் இன்னொரு குறி உண்டு. அதன் கொண்டை, பட்டாணிகளை மூன்று வரிசையாக அடுக்கியதுபோல் குட்டையாக இருக்கும். இந்தக் கொண்டையும் நீலக்கூறும் மரபில் அடுத்தடுத்து இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கும். கத்திபோல் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு கலந்தால், பட்டாணிக் கொண்டைக் குஞ்சுகளைத் தேர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அசில் போன்ற பெருவிடைக் கோழிகளுக்கு நீலக்கூறு இல்லாமலே பட்டாணிக் கொண்டை உண்டு. அவற்றோடு கலந்தால் இந்தக் குறி பயன்படாது.

எவ்வளவு போடலாம்?

ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012-ல் கொங்குப் பகுதியில் பட்ட பாட்டை நாடறியும். (ஈமு முட்டையும் கரும்பச்சைதான்!) குஞ்சு விற்பவருக்கு மட்டும் இலாபம் வரும் தொழிலில், கடைசியாக வாங்கியவர் நட்டப்படுவார். நீல முட்டையை வேடிக்கைக்காக அதிக விலை கொடுத்து வாங்கும் வீடுகள் புதுச்சேரி நகரில் சில இருக்கலாம். வாரந்தோறும் வாங்க எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்த்த பிறகே குஞ்சு வாங்க வேண்டும். முட்டை எண்ணிக்கைதான் நோக்கமென்றால், ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்பிரியா நாட்டுக்கோழியைவிட இரு மடங்குக்கு மேல் இடும். வெளிநாட்டு முட்டை என்று சொல்லி விற்றால், அரசு அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். அனுமதியில்லாமல் வரும் முட்டையோடு நோயும் வரக்கூடும்.

வளர்ப்பு முறையில் புதிதாக ஒன்றுமில்லை. கீரியும் நாயும் புகாத இராக்கூண்டு, ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம், ஐப்பசி கார்த்திகை மழையில் நனையாத தரை. தரை ஈரமானால் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்தும் எட்டாம் வாரத்தில் இறக்கை ஊசியும் தவறக்கூடாது. விலையுயர்ந்த கோழி என்று அந்நோய் விட்டுவைப்பதில்லை. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்த பின்பே மந்தையில் சேர்க்க வேண்டும். ஐயமிருந்தால் குரும்பாப்பேட்டையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

லாஸ்பேட்டை அன்பர் கோழிகளை விற்கவில்லை. மீதமிருந்த ஒரு நீல முட்டையைக் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்திருந்து, தம் நாட்டுக்கோழி முட்டைகள் பத்தோடு அடையில் வைத்திருக்கிறார். பொரிக்கும் நாளில் அருகிலிருந்து, அந்த ஓட்டிலிருந்து வரும் குஞ்சின் காலில் வண்ண நூல் கட்டச் சொல்லியிருக்கிறேன். கால் பருக்கப் பருக்க, பத்து நாளுக்கொரு முறை நூலைத் தளர்த்திக் கட்ட வேண்டும். இல்லையேல் தோலை அறுத்துவிடும்.