பலகை முந்தி, பங்களா பிந்தி

சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளம், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. அதன் அடித்தளம் டெபியன் லினக்ஸ். ஏற்காட்டில் ஒருவர் கர்னலை அப்டேட் செய்யும்போது மழைக்குக் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால் என்ன ஆகும்? டீயைக் குடித்தபடியே பார்ப்போம்.

கணினி எழ இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று கர்னல், வன்பொருளை ஆளும் மையநிரல். மற்றொன்று இனிட்ஆர்டி, வட்டைப் படிக்கக் கர்னலுக்கு ஆரம்பத்திலேயே தேவைப்படும் டிரைவர்களின் தொகுப்பு. டெபியன் 12-இல் 6.1.0-17 கர்னல் இருக்க 6.1.0-18 வந்தால், பழையது உடனே அழியாது. எது நடப்பு என்று காட்ட, எண் இல்லாத பெயரில் கோப்புக்கு ஒன்றாக இரண்டு இணைப்புகள் உண்டு.

இங்கேதான் எல்லோரும் தடுக்குகிறோம். இணைப்பை நாம் கர்னலின் நகல் என்று நினைத்துவிடுகிறோம். அதற்குள் இருப்பது ஒரு பெயர் மட்டுமே. சேர்வராயன் மலையில் காபி எஸ்டேட்டுக்குப் பிரியும் பாதையில் நிற்கும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பங்களாவை இடித்தாலும் பலகை அப்படியே நிற்கும். கர்னலைக் கையால் அழித்தாலும் இணைப்பு வாய் திறக்காது. அடுத்த முறை துவக்கும்போதுதான் தெரியும்.

டெபியனில் இன்னொன்றும் உண்டு. புதுக் கர்னலை நிறுவும்போது இணைப்புகள் முதலில் மாறிவிடும். இனிட்ஆர்டியை நம் கணினி அதன் பிறகுதான் கட்டுகிறது, அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். பங்களா கட்டும் முன்பே பலகை நட்டாயிற்று. அந்த இடைவெளியில் கரண்ட் போனால், இல்லாத கோப்பையே இனிட்ஆர்டியின் இணைப்பு காட்டும். அவசரத்தில் அந்த ஒன்றை மட்டும் பழையதற்குத் திருப்பினாலும் வம்புதான். 18 தன் எண்ணுக்குரிய டிரைவர்களைத் தேடும், தொகுப்பிலோ 17-க்கானவை. வட்டே தெரியாமல் நின்றுவிடும்.

கர்னலை ஏற்றிவிடும் துவக்க நிரலான இன்றைய கிரப், எண்ணோடு முழுப்பெயரை எழுதிக்கொள்வதால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். அதே வேலையைச் செய்த பழைய லிலோ, வட்டில் கர்னல் கிடக்கும் இடத்தையே குறித்துவைக்கும். இணைப்பைச் சரியாக மாற்றினாலும், லிலோவை மறுபடி ஓட்டாதவரை அது பழைய இடத்தைத்தான் படிக்கும்.

கரண்ட் வந்ததும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே போவோம். பாதியில் நின்ற நிறுவலை முடிக்கும்படி, டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜியிடம் சொல்வோம். பிறகு இணைப்புகளைப் பட்டியலிட்டு, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா, அந்தப் பெயர்களில் கோப்புகள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரீபூட் செய்வோம்.