வீட்டுக் கம்பியில்லா வலையமைப்பில் கைபேசிகளையும் கணினிகளையும் மீண்டும் இணைத்தல்

கம்பி வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ வீட்டிற்கு வந்து சேரும் இணையத் தொடர்பை, பல அறைகளிலுமுள்ள கைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் வானொலி அலைகளின் மூலம் பகிர்ந்தளிக்கும் சாதனம் ரௌட்டர் எனப்படுகிறது. இப்பகிர்வு முறையே வைஃபை என்று வழங்குகிறது. இதற்குப் பயன்படும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைப் பகுதியில் குறைந்த ஆற்றலுள்ள சாதனங்களைத் தனி உரிமம் பெறாமலே இயக்கலாம் என்னும் விதி இந்தியாவில் 2005-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் பின்னர் இம்முறை நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பரவியுள்ளது. மாணவரின் பாடம், உதவித்தொகை விண்ணப்பம், குடும்பத்தாரின் வங்கி அலுவல் ஆகிய பலவும் இன்று இதனைச் சார்ந்து நிற்கின்றன.

இத்தகைய வீட்டில் ஒருநாள் ரௌட்டர் மாற்றப்படுகிறது. அல்லது கடவுச்சொல் மாற்றப்படுகிறது. நேற்றுவரை தாமாகவே இணைந்துவந்த கருவிகள் இன்று இணைய மறுக்கின்றன. அந்நாள் ஒரு விண்ணப்பத்திற்குக் கடைசி நாளாகவும் இருக்கக்கூடும். கருவி பழுதாயிற்று என்று கருதிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பொருளை வீணாக்குவோர் உண்டு; கண்ணிற்பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்திச் சிறு கோளாற்றைப் பெருங்கோளாறாக்கிக் கொள்வோரும் உண்டு. உண்மையில், பெரும்பாலும் எக்கருவியும் பழுதடைந்திருப்பதில்லை. ரௌட்டரின் நினைவில் உள்ள விவரமும் கருவியின் நினைவில் உள்ள விவரமும் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போனதே காரணமாகும். அவ்விரண்டையும் மறுபடி ஒத்திருக்கச் செய்வதே மீண்டும் இணைத்தல் என்பதன் பொருள்.

அறுபட்டது எந்த இணைப்பு?

கைபேசி ஒன்று இணையத்தை அடைவதற்கு இரண்டு இணைப்புகள் செம்மையாக இருத்தல் வேண்டும். ஒன்று, கைபேசிக்கும் ரௌட்டருக்கும் இடையேயுள்ள கம்பியில்லா இணைப்பு. மற்றொன்று, ரௌட்டருக்கும் சேவை நிறுவனத்திற்கும் இடையேயுள்ள வெளியிணைப்பு. இவற்றுள் எது அறுபட்டது என்று தெளிவதற்கு முன் எதனையும் மாற்றலாகாது.

இதனைத் தெளிவது கடினமன்று. எல்லாக் கருவிகளும் ரௌட்டருடன் இணைந்திருப்பதாகக் காட்டியும் இணையம் கிட்டவில்லையெனில், கோளாறு பெரும்பாலும் வெளியிணைப்பில் உள்ளது. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் ‘லாஸ்’ எனக் குறிக்கப்பட்ட விளக்கு செந்நிறமாக எரிந்தால், இழையின் வழியே ஒளி வரவில்லை என்று அறியலாம். அந்நிலையில் கைபேசியில் செய்யத்தக்கது யாதுமில்லை; சேவை நிறுவனத்திற்கே தெரிவிக்க வேண்டும். ஒரு கருவி மட்டும் இணையாதிருந்து ஏனையவை நன்கு இயங்கினால், குறை அந்த ஒரு கருவியின் அமைப்பில் உள்ளது. ரௌட்டரோ கடவுச்சொல்லோ மாற்றப்பட்டபின் எல்லாக் கருவிகளும் ஒருங்கே மறுத்தால், பழைய விவரங்களும் புதிய விவரங்களும் மாறுபட்டுள்ளன என்பது தெளிவு.

இச்சோதனையின்போது கைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்தி வைத்தல் அவசியம். இல்லாவிடில், வைஃபை அறுபட்டிருப்பினும் கைபேசி அந்த வழியே இணையத்தை அடைந்து, எல்லாம் செம்மையாக இருப்பதாகத் தோன்றச் செய்துவிடும்.

பெயரும் கடவுச்சொல்லும் ஆற்றும் பணி

பயனாளர் தட்டச்சிடும் கடவுச்சொல் வானொலி அலைகளில் அப்படியே அனுப்பப்படுவதில்லை. 2004-ஆம் ஆண்டில் அறிமுகமாகி இன்றும் மிகப் பல வீடுகளில் வழங்கிவரும் டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் பாதுகாப்பு முறையில், கருவியும் ரௌட்டரும் வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு, 4096 சுற்றுகள் கொண்ட ஒரு கணக்கைத் தனித்தனியே செய்து, ஓர் இரகசியத் திறவுகோலை உண்டாக்குகின்றன. பின்னர் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, இரண்டிடத்தும் இருப்பது ஒரே திறவுகோல்தானா என்று சோதிக்கின்றன. இரண்டு கணக்கர்கள் ஒரே பேரேட்டைத் தனித்தனியே கூட்டி, இறுதித் தொகை ஒத்துள்ளதா என்பதை மட்டும் பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். தொகை வேறுபட்டால் பிழை உண்டு என்பது தெரியும். எந்த வரியில் பிழை என்பது தெரியாது.

இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, கடவுச்சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும், ஆங்கிலப் பெரிய எழுத்திற்குப் பதில் சிறிய எழுத்து இடப்பட்டாலும், விடை முற்றிலும் வேறாகிவிடும். இரண்டாவது, பெயரும் கணக்கிற் சேர்வதால், கடவுச்சொல் மாறாதிருந்து பெயர் மட்டும் மாறினாலும் பழைய இணைப்பு நிலைக்காது. மூன்றாவது, எந்த எழுத்துத் தவறு என்று கருவியால் சுட்டிக்காட்ட இயலாது. ஆகவே, மறுபடி மறுபடி முயல்வதைவிட, ஒருமுறை நிதானமாகச் சரிபார்ப்பதே மேல்.

மீண்டும் இணைக்கும் முறை

கருவிகள் ஒருமுறை இணைந்த வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்து வைக்கின்றன. ரௌட்டரில் கடவுச்சொல் மாறிய பின்னரும் சில கருவிகள் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும், புதியதைக் கேட்பதில்லை. எனவே பழைய நினைவை முதலில் அழித்தல் வேண்டும். செய்ய வேண்டியவை வருமாறு:

1. ரௌட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுக்கவும். விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்திருக்கவும்.

2. கைபேசியின் அமைப்புகள் பகுதியில் வைஃபைப் பட்டியலைத் திறந்து, பழைய பெயரைத் தேர்ந்து, அதனை மறக்கச் செய்யும் கட்டளையை இடவும். கணினியில், முன்னர் இணைந்த வலையமைப்புகளின் பட்டியலிலிருந்து அப்பெயரை நீக்கவும்.

3. ரௌட்டருக்கு அருகில் நின்று, பட்டியலில் பெயர் மீண்டும் தோன்றியதும் அதனைத் தேர்ந்து, புதிய கடவுச்சொல்லை இடவும். எழுத்துகளைக் காட்டும் கண் வடிவக் குறியை அழுத்தி, இட்டதைப் படித்துப் பார்க்கவும். சுழியம் என்னும் எண்ணும் ஆங்கில ‘ஓ’ எழுத்தும், ஒன்று என்னும் எண்ணும் ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தும் எளிதில் மயங்கக்கூடியவை.

4. ஒரு கருவி இணைந்து இணையமும் கிட்டிய பின்னரே அடுத்த கருவிக்குச் செல்லவும். அச்சு இயந்திரம், தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றையும் மறத்தலாகாது.

ரௌட்டரையே மாற்றும்போது

பழைய ரௌட்டருக்குப் பதிலாகப் புதியது வைக்கப்படும்போது, பழைய பெயர், பழைய கடவுச்சொல், பழைய பாதுகாப்பு முறை ஆகிய மூன்றையும் எழுத்துப் பிசகாமல் புதியதில் அமைத்துவிட்டால், கணக்கின் விடை மாறுவதில்லை. வீட்டிலுள்ள கருவிகள் பெரும்பாலும் தாமாகவே இணைந்துவிடும். பத்துக் கருவிகளில் தனித்தனியே செய்ய வேண்டிய வேலை ஓரிடத்தில் முடிகிறது. எனினும் பழைய கடவுச்சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதாகவோ அயலார் பலர் அறிந்ததாகவோ இருந்தால் இவ்வசதியைக் கைவிட்டு, புதிய கடவுச்சொல்லை ஏற்பதே தக்கது. பாதுகாப்பு முறையைப் பற்றியும் இதுவே விதி. 1997-ஆம் ஆண்டின் முதல் தரத்தோடு வந்த டபிள்யூ.இ.பி. என்னும் முறை எளிதில் உடைக்கத்தக்கது என்று 2001-ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. பழைய ரௌட்டரில் அம்முறை இருந்திருப்பின் அதனைப் புதியதிற்குக் கொண்டுவரலாகாது.

கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையாவிடில்

வலையமைப்பின் பெயரே பட்டியலில் தோன்றாவிடில், அலைப் பகுதியைக் கவனிக்க வேண்டும். இன்றைய ரௌட்டர்கள் பல 2.4, 5 கிகா ஹெர்ட்ஸ் ஆகிய இரு பகுதிகளிலும் இயங்குகின்றன. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அது சுவர்களைக் கடந்து அதிகத் தூரம் செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆனால் சுவர்களால் எளிதில் தளரும். பழைய கைபேசிகளும் விலை குறைந்த அச்சு இயந்திரங்களும் பல, 2.4 பகுதியை மட்டுமே அறியும். ரௌட்டரில் அப்பகுதி நிறுத்தப்பட்டிருந்தால் அவற்றிற்குப் பெயர் புலப்படாது. மேலும், 5 பகுதியின் சில தடங்களில் இயங்கும் ரௌட்டர்கள், அவ்விடத்தில் ராடார் அலைகள் உளவா என்று குறைந்தது ஒரு நிமிடம் செவிமடுத்த பின்னரே தம் பெயரை வெளிப்படுத்துகின்றன. ஆதலின், மின்சாரம் வந்தவுடன் பெயர் தோன்றவில்லை என்று பதற வேண்டுவதில்லை.

பெயர் தோன்றியும் இணைய மறுத்தால், பாதுகாப்பு முறையை நோக்க வேண்டும். 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ. 3 முறை மட்டும் புதிய ரௌட்டரில் அமைந்திருப்பின், அதற்கு முற்பட்ட பல கருவிகள் இணைய இயலா. இரு முறைகளையும் ஏற்கும் கலப்பு அமைப்பைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும்.

அனுமதிக்கப்பட்ட கருவிகளின் வன்பொருள் முகவரிகளை மட்டும் ஏற்குமாறு ரௌட்டர் கட்டுப்படுத்தப்பட்டிருக்கலாம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 ஆகியவை தொடங்கி, கைபேசிகள் உண்மை முகவரியை மறைத்து, வலையமைப்பின் பெயருக்கேற்ப வேறொரு முகவரியைக் காட்டுவது வழக்கமாகியுள்ளது. பெயர் மாறினால் அதுவும் மாறி, கைபேசி அயலானாகக் கருதப்படக்கூடும்.

கருவி இணைந்தும் பயன் இல்லாவிடில், அதன் எண் முகவரியைப் பார்க்க வேண்டும். கணினியில் அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். பழைய ரௌட்டருக்கெனக் கையால் இடப்பட்ட நிலையான முகவரி ஏதேனும் கருவியில் இருப்பின், அதனைத் தானியங்கி முறைக்கு மாற்ற வேண்டும். நெடுநாள் மின்னேற்றமின்றிக் கிடந்த கருவியில் தேதி தவறாக இருப்பதும் உண்டு. இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் தேதியைக் கொண்டே சரிபார்க்கப்படுவதால், தேதி தவறினால் தளங்கள் திறவா. தேதியைத் திருத்துவதே இதற்குப் பரிகாரம்.

ஊசித் துளைப் பொத்தான்

பெரும்பாலான ரௌட்டர்களில், ஊசியால் அழுத்தத்தக்க சிறு துளையில் ஒரு பொத்தான் உண்டு. இதனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ரௌட்டரின் நினைவு முழுவதும் அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை அடையும். மின்சாரத்தை நிறுத்திக் கொடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. முன்னது உறங்கி விழிப்பது போன்றது; பின்னது கற்றதனைத்தையும் மறப்பது. வீட்டார் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் நீங்குவதோடு, சேவை நிறுவனத்துடன் தொடர்புகொள்ளும் கணக்குப் பெயரும் அதன் கடவுச்சொல்லும் பல ரௌட்டர்களில் அழிந்துவிடும். ஒரு கைபேசி இணையவில்லை என்று இதனை அழுத்தியவர், வீடு முழுவதற்கும் வெளியிணைப்பு அறுந்து, நிறுவன ஊழியர் வரும்வரை காத்திருக்க நேரும். அவ்விவரங்கள் கையிலிருக்கும்போது, வேறு வழி யாதும் பயன்படாத நிலையில் மட்டுமே இதனைத் தொடலாம்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியவை

உதவி நாடும் வீடுகளில், கடவுச்சொல்லை வீட்டாரே இடுமாறு செய்வது நன்று. அது வீட்டின் சாவிக்கு ஒப்பானது. உதவி செய்பவர் அதனைத் தம் குறிப்பில் எழுதிச் செல்லுதல் முறையன்று. தொல்லை தீர்வதற்காகக் கடவுச்சொல்லையே நீக்கிவிடுவதும் கூடாது. அவ்வாறு திறந்துவிடப்பட்ட இணைப்பை அயலார் எவரும் பயன்படுத்தலாம். அதன் வழியே நிகழும் குற்றத்திற்கான விசாரணை முதலில் வந்து நிற்பது அவ்வீட்டு வாசலிலேயே. டபிள்யூ.பி.ஏ. 2 முறை குறைந்தது 8 எழுத்துகளைக் கோருகிறது. வீட்டார் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தவிர்த்து, தொடர்பற்ற சில சொற்களைக் கோத்து நீளமாக அமைப்பது நினைவிற் கொள்ளவும் எளிது, ஊகிக்கவும் அரிது.

வலையமைப்பின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை, சேவை நிறுவனக் கணக்கின் விவரம், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குடும்ப ஆவணங்களோடு வைக்குமாறு ஒவ்வொரு வீட்டாருக்கும் அறிவுறுத்தலாம். பள்ளிகளில் இது தலைமையாசிரியரின் பொறுப்பில் இருத்தல் தகும். மாற்றம் நேரும்போதெல்லாம் அத்தாளும் தேதியிட்டுத் திருத்தப்பட வேண்டும். அத்தாள் கையிலிருக்குமாயின், ரௌட்டர் மாறிய நாளிலும் வீட்டின் அலுவல்கள் தடைபடாமல் நடைபெறும்.