உங்களுக்குத் தெரியுமா? தன்னாமுனைக் கூரைகளின் மேல் கொட்டுகிறது கரண்ட்!

பாடசாலை, பிரதேச சபை, வைத்தியசாலை, நூலகம், தபாற்கந்தோர்... ஊர்ப் பொதுக் கட்டடங்களின் மின்சார பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறதா? பில்லைக் குறைக்கிற வித்தைகளை மட்டக்களப்பு வாவிக்கரைத் தன்னாமுனையில் தொடங்கி உலகம் முழுக்கத் துருவி அள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் முத்து! பிடியுங்கள்!

வெளிச்சம்

பழைய குண்டு பல்புக்கு 100 ரூபாய் மின்சாரம் கொடுக்கிறீர்கள். வெளிச்சமாகத் திரும்பி வருவது சுமார் 5 ரூபாய்க்குத்தான். மிச்சம் 95 ரூபாயும் வெறும் சூடு!

ரியூப் லைட்டில் 40 வோட் என்று எழுதியிருக்கும். நம்பாதீர்கள்! பட்டியில் ஒளிந்திருக்கும் பழைய சோக் தன் பங்குக்கு இன்னும் 10 வோட் விழுங்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.ஈ.டி. ரியூப் கேட்பது 20 வோட் மட்டுமே!

தரமான எல்.ஈ.டி.யின் ஆயுள் சுமார் 25,000 மணி நேரம். பாடசாலையில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் எரிகிறது என்று வையுங்கள். முதலாம் தரத்துப் பிள்ளை உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகமும் முடித்து, அதே பாடசாலைக்கு ஆசிரியராக வந்தாலும் அந்த விளக்கு எரியும். கணக்குப் போட்டால் 20 ஆண்டுக்கு மேல்!

சிவப்பு எல்.ஈ.டி. 1962இலேயே வந்துவிட்டது. வெள்ளை வெளிச்சத்துக்கு நீல எல்.ஈ.டி. வேண்டும். அது கையில் சிக்க 30 ஆண்டு ஆனது! பிடித்துக் கொடுத்தவர்கள் ஜப்பானில் பிறந்த மூவர்: அகாசாகி, அமானோ, நகாமுரா. 2014இல் மூவருக்கும் பௌதிகவியலில் நோபல் பரிசு!

2014இல் இந்திய அரசு ஓர் எல்.ஈ.டி. பல்பை மொத்தமாக வாங்கிய விலை 310 இந்திய ரூபாய். 2016இல் அதே அரசு வாங்கிய விலை 38 ரூபாய். இரண்டே ஆண்டில் எட்டில் ஒரு பங்கு!

அமெரிக்காவின் லிவர்மோர் நகரத்துத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு குண்டு பல்ப் எரிகிறது. முதன்முதலில் மாட்டிய ஆண்டு 1901. இன்னும் ஃபியூஸ் போகவில்லை! அதன் இன்றைய வெளிச்சம்? வெறும் 4 வோட்!

மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரு நாடே கடிகாரத்தைத் திருப்பியது தெரியுமா? வேறெங்கும் இல்லை, நம்ம இலங்கைதான்! 1996 மே மாதம் நாடு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே போனது. ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. பழைய நேரம் முழுதாகத் திரும்பியது 2006 ஏப்ரலில். ஏறத்தாழ 10 ஆண்டு!

காற்று

பழைய கூரை விசிறி 75 வோட். புது பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி சுமார் 30 வோட். காற்று அதே காற்று! ஒரு கந்தோரில் 10 விசிறி, நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 240 வேலை நாள். மிச்சம் 864 அலகு!

சுவரில் பெட்டி மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும் பழைய விசிறி ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! விசிறியை 1ஆம் இலக்கத்துக்குக் குறைத்ததும் பில்லும் குறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். குறைத்த மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகிறது. எலக்ட்ரொனிக் ரெகுலேட்டர் மாட்டினால் மிச்சம் நிஜமாகவே உங்கள் பையில்!

பெரிய கட்டடங்களில் காற்றைத் தள்ளும் மோட்டாரின் வேகத்தை 20 சதவீதம் மட்டும் குறையுங்கள். மின்சாரம் 20 சதவீதமா குறையும்? இல்லை. ஏறத்தாழ பாதி! வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படுவது எட்டில் ஒரு பங்கு!

உலகின் முதல் நவீன ஏசி மனிதருக்காகச் செய்யப்படவில்லை. காகிதத்துக்காக! 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். ஈரப்பதத்தில் காகிதம் சுருங்கி விரிந்து, வர்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைத் தடுக்கத்தான் வில்லிஸ் கரியர் இயந்திரம் வடிவமைத்தார். அப்போது அவருக்கு வயது 25!

ஏசியை ஒரு பாகை கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது இந்திய அரசின் மின்சிக்கன அமைப்பு. கூட்ட மண்டபத்தில் 22இல் ஓடுவதை 26க்கு மாற்றுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை. மிச்சம் ஏறத்தாழ கால் பங்கு!

ஒரு 1 தொன் ஏசி முழு நாளும் ஓடினால் அறையிலிருந்து எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும்? ஏறத்தாழ 1 தொன் ஐஸ் கட்டியை முழுதாக உருக்கிவிடும் அளவு!

மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். ஒல்லாந்தர் பிடித்தது 1638இல். தடித்த சுவர், பக்கத்தில் வாவி, உள்ளே காற்று. நீண்ட காலம் நம் கச்சேரி அதற்குள்தான் இயங்கியது. கரியரின் ஏசி பிறந்தது ஒல்லாந்தர் நுழைந்து 264 ஆண்டுக்குப் பிறகு!

கூரை

ஆண்டுக்கு இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கிறது! ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கையின் ஏதோ ஓர் ஊருக்கு மேலே சூரியன் நேர் உச்சம். தன்னாமுனைப் பக்கத்துக்கு ஏறத்தாழ ஏப்ரல் 10. மறுபடி செப்டெம்பர் தொடக்கத்தில். அன்று நடுப்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழலே விழாது!

இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் எந்தப் பக்கம் சாய்ந்து விழும்? வடக்குப் பக்கம்! கச்சான் காற்று அனலாய் வீசும் அதே மாதங்கள். விறாந்தையைத் தெற்கில் மட்டும் இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்தால், ஏறத்தாழ 5 மாதம் வடக்குச் சுவர் காயும்!

உச்சி வெயிலில் கறுத்த கூரை 65 பாகையைத் தாண்டும். வெயிலைத் திருப்பி எறியும் வெள்ளைப் பூச்சு அடித்தால் அதே கூரையின் சூட்டில் 28 பாகை அளவு குறையலாம். வாளியும் பிரஷும் ஒரு சனிக்கிழமையும் போதும்!

உலகின் மிக வெள்ளையான பெயின்ட் எது? 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் உருவாக்கியது. மேலே விழும் வெயிலில் அது திருப்பி அனுப்புவது 98.1 சதவீதம்!

நியூயோர்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 6,514 ஜன்னல்கள். மின்சிக்கனத் திருத்தம் செய்தபோது ஏறத்தாழ எதையும் வீசவில்லை! கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, பழைய கண்ணாடியையே மறுபடி செப்பனிட்டார்கள். மொத்தத் திருத்தமும் சேர்ந்து ஆண்டுக்கு மிச்சம் 44 இலட்சம் டொலர்!

கிழக்கில் கூரை என்றால் 1978 நவம்பரை மறக்க முடியுமா? 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பையே புரட்டிப் போட்டது. சோலார் பலகை மாட்டும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல. "இந்த ஆணி எவ்வளவு காற்றைத் தாங்கும்?"

வெயில்

பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. அரச கந்தோர் 8.30 முதல் 4.15 வரை. சூரியன் வேலை செய்யும் நேரமும் அதேதான்! பொதுக் கட்டடத்தையும் சோலாரையும் போல் பொருந்தும் சோடி வேறு இல்லை. ஒரு கிலோவோட் பலகை நாளுக்குச் சராசரியாக 4 அலகு தரும். 10 கிலோவோட் போட்டால் ஆண்டுக்கு 14,600 அலகு!

சனி, ஞாயிறு, போயா, தைப்பொங்கல், நத்தார், நோன்புப் பெருநாள்... எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 120 நாளுக்கு மேல் கந்தோர் பூட்டு. சூரியனுக்கு லீவு இல்லை! அந்த நாட்களில் அதே 10 கிலோவோட் கூரை மின்கம்பிக்கு அனுப்பக்கூடியது 4,800 அலகு!

2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது அரசு வைத்த இலக்கு எத்தனை கூரை தெரியுமா? 10 இலட்சம்!

2022 மார்ச் கடைசி நினைவிருக்கிறதா? இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டு!

மூன்றே ஆண்டு கழித்து நேர் எதிர்! 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கூரைச் சொந்தக்காரர்களை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. காரணம், மின்சாரம் மிஞ்சிவிட்டது! எதுவரை நிறுத்த? பிற்பகல் 3 மணி வரை!

அதற்கு இரண்டு மாதம் முன், 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது. நாடு முழுவதும் இருள்! இரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் தீவு. குரங்கு ஒன்றே ஒன்று!

முழுக்க முழுக்க வெயிலில் ஓடும் உலகின் முதல் விமான நிலையம் எங்கே? அமெரிக்காவிலா? துபாயிலா? பக்கத்துக் கேரளத்துக் கொச்சியில்! 2015 ஓகஸ்ட் 18இல் தொடங்கியது. பலகைகளுக்கு நடுவே மரக்கறித் தோட்டம் வேறு. தொடங்கியபோது பலகைகள் 46,150!

வத்திக்கானிலும் சோலார்! 2008இல் ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரையில் ஏற்றினார்கள். தன்னாமுனை சூசையப்பர் ஆலயத்துக்குப் போகிறவர்களே, கவனியுங்கள். பாப்பரசர் மக்களைச் சந்திக்கும் மண்டபத்தின் மேல் சுமார் 2,400 பலகைகள்!

1979இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் சூரியத் தகடுகள் ஏற்றினார், சுடுநீருக்காக. 1986இல் ரேகன் காலத்தில் கழற்றிவிட்டார்கள். ஒன்று அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்னொன்று கடல் தாண்டிச் சீனாவுக்கே போனது. மொத்தம் 32!

காசு

ஒஸ்திரியாவின் கூசிங் நகரம். மக்கள் சுமார் 4,000 பேர். தொழிற்சாலை இல்லை, ரயில் இல்லை, கையில் காசும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நகரசபை செய்த முதல் வேலை, பொதுக் கட்டடங்களிலும் தெருவிளக்குகளிலும் வீணாகும் சக்தியை அடைத்ததுதான். செலவு ஏறத்தாழ பாதியாய் விழுந்தது!

முதலுக்கு எங்கே போவது? ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் 1995இலேயே விடை கண்டது. நகரசபையே ஒரு நிதி வைத்தது. அதிலிருந்து பாடசாலைக்குக் கடன். பாடசாலை பில்லில் மிச்சம் பிடித்துத் திருப்பிக் கட்டும். அந்தக் காசு அடுத்த கட்டடத்துக்கு! வெளி வங்கிக்கு வட்டி பூச்சியம்!

அதே ஜேர்மனியின் ஹம்பர்க். 1994. பிள்ளைகள் சுவிட்சை அணைத்து, கதவைச் சாத்திப் பில்லைக் குறைத்தால் மிச்சக் காசு யாருக்கு? பாதி நகரசபைக்கு. மறு பாதி அந்தப் பாடசாலைக்கே! திட்டம் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவியது. நம்ம பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். இடைவேளை மணி அடித்ததும் ஒரு விசிறிகூடச் சும்மா சுற்றாது!

கடைசி முத்து நம்ம தமிழருடையது! கோயம்புத்தூர் மாவட்டம், மேட்டுப்பாளையம் பக்கம், ஓடந்துறை ஊராட்சி. குடிதண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் வந்த பில் கழுத்தை நெரித்தது. சண்முகம் தலைவராக இருந்த அந்தச் சின்ன ஊராட்சி 2006இல் சொந்தமாக ஒரு காற்றாலையே வாங்கியது! விலை 1.55 கோடி இந்திய ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம், மிச்சம் வங்கிக் கடன்.

அந்த 350 கிலோவோட் காற்றாலை ஆண்டுக்குத் தந்தது சுமார் 6.75 இலட்சம் அலகு. ஊருக்குத் தேவைப்பட்டது 4.5 இலட்சம். மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்றார்கள்! பில் கட்டிக்கொண்டிருந்த ஊராட்சி பில் போடத் தொடங்கியது. விற்ற காசே கடனையும் கட்டியது. வருமானம் ஆண்டுக்குச் சுமார் 19 இலட்சம் ரூபாய்!

பிரதேச சபைக் கூட்டத்தில் யாராவது எழும்பி "இதெல்லாம் பெரிய நாடுகளுக்குத்தான் சரி, நமக்குச் சரிவராது" என்றால், ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். ஓடந்துறை!