பேட்டுக்கு உயிர் ரப்பர்ல இருக்கு!

கம்பத்துல பஸ் ஏறி, குமுளியைத் தாண்டி முண்டக்கயம் பக்கம் போய்ப் பாருங்க. சரிவு முழுக்க ரப்பர் மரம், மரத்துக்கு மரம் சிரட்டையில பால் சொட்டிக்கிட்டு இருக்கும். நம்ம காலேஜ் டேபிள் டென்னிஸ் பேட்டுல பந்தைக் கவ்விப் பிடிச்சுத் திருப்பிவிடுறதும் அந்த மாதிரி மரத்துப் பாலுதான். ஆனா பேட் வாங்கப் போனா நாம என்ன பார்க்கிறோம்? கைப்பிடி ஸ்டைலா இருக்கா, கவர் சூப்பரா இருக்கா... அவ்வளவுதான்!

ரப்பர் என்ன செய்யும்னு உலகம் பார்த்தது நம்ம நாட்டுலதான். 1952-ல் பம்பாயில் உலக சாம்பியன்ஷிப். எல்லாரும் பிம்பிள் வைத்த ரப்பர் பேட்டோடு நிற்க, கண்ணாடி போட்ட ஜப்பான்காரர் ஹிரோஜி சாடோ தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். பந்து பட்டால் சத்தமே வராது. எந்த வேகத்தில் வருகிறது என்று எதிராளிக்குப் புரிவதற்குள் பாயின்ட் போய்விடும். சாம்பியன் ஆனார். 1959-ல் ஸ்பாஞ்சுக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் மேல்ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

சரி, உங்களுக்கு எது? ஸ்பாஞ்ச் தடிமன் ஏற ஏற வேகம் ஏறும், கன்ட்ரோல் இறங்கும். இதுதான் கணக்கு. சீனியர் வெச்சிருக்கார்னு பல ஆயிரம் ரூபாய் ஷீட்டை வாங்கி ஒட்டினா, பந்து டேபிளைத் தாண்டி ஜன்னலுக்குத்தான் போகும். ஸ்ட்ரோக் இன்னும் கைக்கு வராதவங்க, இரண்டு பக்கமும் வழுவழு ரப்பர், 1.8 அல்லது 2 மி.மீ. ஸ்பாஞ்ச் என்று ஆரம்பிக்கலாம். யசாகா மார்க் ஃபைவ் மாதிரி பழைய ஆட்கள் இதுக்குப் போதும். ரெடிமேட் பேட்டை விட பிளேடு தனியா, ரப்பர் தனியா வாங்குறது நல்லது. ரப்பர் செத்தா அதை மட்டும் மாத்திக்கலாம், மரம் வருஷக்கணக்கில் உழைக்கும். ரப்பர்ல இருக்கிற ஐ.டி.டி.எஃப். முத்திரையை மட்டும் வெட்டிடாதீங்க. மேட்ச்ல அம்பயர் அதைத்தான் தேடுவார்.

வேகம்தான் எல்லாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. 2024 பிப்ரவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில், உலகின் நம்பர் ஒன் சுன் யிங்ஷாவை நம்ம ஐஹிகா முகர்ஜி வீழ்த்தினார். அவர் பேட்டின் ஒரு பக்கம் ஆன்டி-ஸ்பின் ரப்பர். பந்து பிடிக்காமல் வழுக்கும், மெதுவாகத் திரும்பும் சரக்கு! (உடனே போய் ஆன்டி வாங்கிடாதீங்க மக்களே. அதை ஆடப் பழகுறதுக்குத் தனிப் பொறுமை வேணும்.)

இப்ப நம்ம ஊர்ச் சிக்கல். ஆண்டிபட்டி பக்கம் காற்றாலையைச் சுத்தவிடுற அதே காத்து, ஆனி ஆடியில காமன் ரூம் ஜன்னல் வழியா மண்ணை அள்ளிக் கொட்டும். ரப்பர் மேல தூசி படிஞ்சா ஸ்பின் காலி. ஆடி முடிச்சதும் சுத்தமான தண்ணியில நனைச்ச மெத்து மெத்து ஸ்பாஞ்சால, கைப்பிடிப் பக்கத்துல இருந்து நுனியை நோக்கி மெல்லத் துடைங்க. நிழல்ல காயவிட்டு, மேல பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிடுங்க. சோப்பு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சட்டையில தேய்க்கிற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க, வியர்வை உப்பு ரப்பருக்கு ஆகாது. வெயில்ல நிக்கிற பைக்கோட டேங்க் கவர்ல பேட்டைச் சொருகி வைக்கிறது அதைவிட மோசம்.

ஒட்டுறதுக்கு தண்ணீர் கலந்த பசை மட்டும். சைக்கிள் கடை பஞ்சர் சொல்யூஷனைத் தடவி வேகம் ஏத்தின காலம் ஒண்ணு இருந்தது. அந்த மாதிரிப் பசையிலிருந்து வரும் ஆவி உடம்புக்குக் கேடு என்பதால் 2008-ல் உலக அளவில் தடை செய்துவிட்டார்கள்.

ரப்பர் செத்துடுச்சான்னு எப்படித் தெரியும்? சுத்தமாத் துடைச்சு, பந்தை லேசா அழுத்தி ரப்பர் மேல இழுத்துப் பாருங்க. நடுவுல வழுக்கி, ஓரத்துல மட்டும் பிடிச்சா, நீங்க அடிக்கிற இடம் தேஞ்சாச்சு. தினமும் ஆடுறவங்க சில மாசத்துக்கு ஒரு தடவை இதைப் பண்ணிடுங்க. ஸோனல் மேட்சுக்கு முந்தின நாள் கண்டுபிடிச்சுப் புது ஷீட் ஒட்டினா, மறுநாள் சர்வீஸே கைக்கு அடங்காது. குறைந்தது ரெண்டு வாரம் முன்னாடியே மாத்திடுங்க.