மறைந்த குறிகளும் மயங்கிய கணினியும்

மேசைக் கணினியை இயக்கியதும் திரையில் வரிசையாய்த் தோன்றும் சிறு படங்களை ஐகன் என்பர். தமிழிற் குறிப்படம் எனலாம். ஒருநாட் காலை அவை ஒன்றுமின்றித் திரை வெறிதே கிடப்பின், பலர் தம் கோப்புக்கள் யாவும் அழிந்தன என்றே கொள்கின்றனர். அவ்வச்சத்தினாற் பழுதுபார்ப்பவரை நாட, அவர் தட்டினைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக இட்டுத் தருகின்றார். உண்மையான அழிவு நேர்வது அப்பொழுதே.

பெயரும் பொருளும் வேறு என்பதை இலக்கண வகுப்பிற் கேட்ட நம் பழைய மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. குறிப்படம் ஒரு பெயர் போன்றது. கோப்பு அதனாற் சுட்டப்படும் பொருள். பெயர்ப்பலகை விழுந்தமையால் வீடு இடிந்துவிடாது. பழைய மலர்களின் கட்டுரைகளும், பரிசளிப்பு விழா அறிக்கைகளும், காலஞ்சென்ற ஆசிரியர்களின் குறிப்புக்களும் இன்றும் எத்தனையோ வீடுகளில், மூலையிற் கிடக்கும் பழைய கணினிகளிலேயே தங்கியுள்ளன. ஆதலின் எப்பழுதாயினும் முதற்கண் கோப்புக்களைப் படியெடுத்தல்; அதன்பின்னரே திருத்தம்.

குறிப்படங்கள் மட்டும் மறைந்து, திரையின் அடியிலுள்ள பட்டை நிலைத்திருப்பின், வெற்றிடத்தில் மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி, ‘வியூ’ என்பதன்கீழ்க் குறிப்படங்களைக் காட்டுமாறு கூறும் வரியிற் சரிக்குறி உளதா என நோக்குக. எக்ஸ்பியில் அவ்வரி ‘அரேஞ்ச் ஐகன்ஸ் பை’ என்பதன்கீழ் இருக்கும். சிறுவர் கைபட்டு அக்குறி நீங்குவதே பெரும்பான்மை. பட்டையும் உடன் மறைந்ததாயின், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மனேஜரிற் புதிய பணியாக எக்ஸ்புளோரர் என ஆங்கிலத்தில் எழுதி இயக்கினால் இரண்டும் மீளும்.

கவனித்தற்குரிய நிலை வேறொன்றுண்டு. பயனரின் விவரங்களைப் படிக்க இயலாதபோது விண்டோஸ் தற்காலிகப் பயனராக நம்மை உள்ளே விடும். அத்திரை புத்தம்புதிதாய், வெறுமையாய் இருக்கும். பழைய கோப்புக்கள் சி தட்டில், யூசர்ஸ் என்னும் போல்டரில் (எக்ஸ்பியில் டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்பதில்) நம் பழைய பெயரின்கீழ் இருத்தல் கூடும். அந்நிலையிற் புதிதாக எழுதித் திரையிற் சேமிப்பன வெளியேறியதும் நீங்கிவிடும் என்பதை மறவற்க.

கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பு நீரும் சூழ்ந்த உச்சமுனையில், ஓர் அன்பரின் கணினியில் நாம் கண்டது இன்னொரு வகை. வலைகளுக்கும் மீன்களுக்கும் காற்றுக்களுக்கும் அக்கரையார் வழங்கும் பெயர்களை மாணவர் முதியோரிடம் கேட்டெழுதிய பட்டியல் அதில் இருந்தது. எல்லாம் அழிந்தன, தட்டைத் துடைப்பதே வழி என்று பட்டினத்துக் கடையொன்றிற் கூறிவிட்டனர். பென் டிரைவ் வழியே வந்த வைரஸ், போல்டர்களை மறைத்து, அவற்றின் இடத்திற் போலிக் குறிப்படங்களை வைத்திருந்தது, அழித்திலது. போல்டர் ஆப்ஷன்ஸ் என்பதில் மறைந்த கோப்புக்களைக் காட்டச் செய்து, காப்புடைய கோப்புக்களை மறைக்கும் சரிக்குறியையும் நீக்கவே, கச்சானும் சோளகமும் அவ்வாறே வெளிப்பட்டன. இத்தகைய போலிகளைத் திறத்தல் ஆகாது. திறப்பின் வைரஸ் மீண்டும் இயங்கும்.

குறிப்படம் மறைதல் பெரும்பாலும் மென்பொருளின் நோய். கணினி இடையிடையே நின்றுபோதலும், நீலத்திரை காட்டி மடிதலும் பழைய கணினிகளிற் பலகாலும் வன்பொருளின் நோயாகும். கடற்கரையில் இதற்கு முதற்காரணம் உப்பு. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 75 ஆனதும் தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கச்சான் வீசும் மாதங்களில் யன்னல் வழியே வரும் நுண்டிவலை உள்ளே படிந்து, இரவிற் கசிந்து, செம்பிற் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றது. நாடோறும் இயங்கும் கணினி தன் வெப்பத்தால் ஓரளவு உலர்ந்திருக்கும். நீண்ட விடுமுறையில் மூடிக்கிடப்பதே விரைந்து கெடும். போர்த்தி வைத்தோம் என்று பெருமை கொள்வார்க்கு இது வியப்பாகலாம்.

மருந்து எளியது. மின்னிணைப்பைக் கழற்றி, இயக்கப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தபின், பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக் கைமின்னை நீக்குக. நினைவகமாகிய றாம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை வெண்ணிற அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் அகற்றி, ‘கிளிக்’ என ஒலிக்குமாறு மீளப் பொருத்துக. நாணயம் போன்ற சீஆர் 2032 மின்கலம் 3 வோல்ட் உடையது. அது தளர்ந்தாற் கடிகாரம் பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். விசிறித் தூசியைத் துடைத்தல் சொல்லாமலே அமையும். மதர்போட்டிலுள்ள கொள்ளளவிகளின் தலை உப்பியிருப்பின் அது கைவல்லார்க்குரிய பணி. 2000ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட பலகைகள் பலவற்றில் இக்குறை உலகெங்கும் காணப்பட்டது.

தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என ஒலி எழுமாயின் கணினியை உடனே நிறுத்துக. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தலும், தட்டைச் சோதிக்கும் மென்பொருளை ஓட்டுதலும் நோயை முற்றச்செய்யும். தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, இன்றியமையாதனவற்றை முதலிற் படியெடுத்தல் நன்று. அஃதும் இயலாதாயின் தரவு மீட்பில் வல்லாரிடம் ஒப்படைக்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 உடனும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 உடனும் பொதுப் பயனாளர்க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. ஆகவே அக்கணினிகளை இணையத்தில் இணையாதிருத்தலே நலம்.

மீட்ட கோப்பைப் புதிய கணினியில் திறந்தவிடத்து, ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றலாம். கோப்புக் கெட்டதென்று கொள்ளற்க. அது பாமினி எழுத்துருவில் தட்டெழுதியது. அவ்வெழுத்துருவை நிறுவியதும் தமிழ் தோன்றும். யூனிகோடின் முதற் பதிப்பில், 1991இலேயே, தமிழ் இடம்பெற்றதாயினும் நம்மவரிற் பலர் நெடுங்காலம் பாமினியிலேயே எழுதினர். மாற்றியொன்றால் அதனை யூனிகோடாக்கி வைத்தல் வேண்டும். ஆங்கிலச் சொற்கள் இடையே கலந்திருப்பின் மாற்றி அவற்றையும் தமிழெழுத்தாகத் திரித்துவிடுமாதலின், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கி முடியும்வரை மூலக்கோப்பை நீக்காதிருக்க.