மின்சாரக் காரா, பிளக்-இன் ஹைபிரிடா? வாங்குமுன் ஒரு கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழுந்து சீசன் களைகட்டிவிட்டால் தென்காசி, மேலகரம், செங்கோட்டைக் கடைகளில் கல்லா நிறையும். கூட்டம் குறைந்த பிறகு, கையில் நிற்கும் பணத்தில் ஒரு கார் வாங்கலாமா என்ற யோசனை நம்மில் பலருக்கும் வருவதுண்டு. முன்பெல்லாம் பெட்ரோலா, டீசலா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது மின்சாரக் கார் என்கிறார்கள், ஹைபிரிட் என்கிறார்கள், அதிலும் பிளக் சொருகுவது ஒன்று, சொருகாதது ஒன்று என்கிறார்கள். துவரம்பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்துத் தரம் பிரிக்கும் நாம், பத்துப் பதினைந்து லட்சம் போடும் இடத்தில் விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வரலாகாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முழு மின்சாரக் காரில் என்ஜின் கிடையாது, பேட்டரியும் மோட்டாரும்தான். சார்ஜ் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். பிளக்-இன் ஹைபிரிட் என்பதில் பெட்ரோல் என்ஜினும் உண்டு, வீட்டில் சொருகி சார்ஜ் ஏற்றும் நடுத்தர பேட்டரியும் உண்டு. ஏறத்தாழ 40 முதல் 80 கிலோமீட்டர் வரை மின்சாரத்திலேயே ஓடும். பிறகு பெட்ரோலில் தொடரும். மூன்றாவது வகை, சொருக முடியாத ஹைபிரிட். 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஹைபிரிட் மாடல்கள் இந்த ரகம். இவற்றின் பேட்டரி சிறியது; பிரேக் பிடிக்கும்போதும் என்ஜின் ஓடும்போதும் தானே சார்ஜ் ஆகும். பெட்ரோல் மிச்சமாகும் என்பது உண்மை, ஆனால் எரிவது பெட்ரோல்தான். 'ஹைபிரிட்' என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் சார்ஜ் போடலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

பிளக்-இன் ஹைபிரிடைக் கேட்டவுடன் நம் மனசுக்குப் பிடித்துவிடும். தினமும் கடைக்கும் கிட்டங்கிக்கும் மின்சாரம், சென்னைக்குப் போனால் பெட்ரோல். ஆனால் நம் நாட்டில் இவை இதுவரை பெரும்பாலும் வால்வோ, பி.எம்.டபிள்யூ. போன்ற சொகுசுக் கார்களாகவே வந்திருக்கின்றன. காரணம் பெரும்பாலும் வரி. முழு மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம். ஹைபிரிட் கார்களில் நான்கு மீட்டர் நீளத்துக்குள் உள்ள சிறிய என்ஜின் வண்டிக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் என 2025 செப்டம்பர் 22 முதல் மாற்றினார்கள். இரண்டு இயந்திரத்துக்கும் சேர்த்து விலை, அதன் மேல் எட்டு மடங்கு வரி என்றால், சாதாரண விலையில் எப்படிக் கொடுக்க முடியும்?

இன்னொரு விஷயமும் உண்டு. ஐரோப்பாவில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. சோதனைக் கூடத்தில் சொன்னதைவிடச் சாலையில் சராசரியாக மூன்றரை மடங்கு கார்பன் புகை வருகிறதாம். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போட்டு ஓட்டுவதில்லை என்பது ஒரு முக்கிய காரணம். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து வந்து பிளக் சொருகச் சோம்பல் வந்தால், நாம் ஓட்டுவது பேட்டரிப் பளுவைச் சுமக்கும் பெட்ரோல் கார்தான்.

ஆகவே நமக்கு உண்மையான தேர்வு, முழு மின்சாரக் காரா, பெட்ரோல் அல்லது சாதாரண ஹைபிரிட் காரா என்பதே. அதைத் தீர்மானிப்பது மாதம் எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே எண். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், மைலேஜ் 15 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் ஒன்றரை ரூபாய். மிச்சம் சுமார் ஐந்து ரூபாய். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் மிஞ்சும். 400 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 24,000 மட்டுமே. மின்சாரக் காருக்கு நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், பத்து வட்டிக்கே ஆண்டுக்கு 40,000 ஆகிவிடும். அதாவது காரைக் கடை வாசலில் நிறுத்தி வைப்பவருக்கு மிச்சம் வட்டிக்குக்கூடக் காணாது. அந்த நான்கு லட்சத்துக்குச் சரக்குப் பிடித்துப் போட்டால் சீசனில் இரண்டு சுற்று ஓடும் என்பது நமக்குத் தெரியாததா!

கரண்ட் பில்லிலும் ஒரு நுணுக்கம். தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 300 யூனிட் ஓடினால் மொத்தம் 660 ஆகும். 500 யூனிட்டைத் தாண்டியதும் மின்வாரியக் கணக்கில் விகிதமே மாறுகிறது. காருக்கான யூனிட்டோடு வீட்டு யூனிட்டும் விலை கூடிவிடும். ஆகவே பழைய பில்லைக் கையில் வைத்துக் கொண்டு, மொத்தம் எவ்வளவு வரும் என்று கணக்கிட வேண்டும். கடையின் வணிக இணைப்பில் போட்டால் யூனிட் விலை இன்னும் கூடுதல்.

தூரத்தைப் பொறுத்தவரை பயம் வேண்டியதில்லை. திருநெல்வேலி போய் வர 110 கிலோமீட்டர்தான். இப்போதுள்ள எந்த நல்ல மின்சாரக் காரும் தாங்கும். கொல்லம் போய் வரச் சுமார் 200. புளியரை எஸ் வளைவில் ஏறும்போது சார்ஜ் வேகமாக இறங்கும். ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் தயாரித்து ஒரு பகுதியைத் திரும்பக் கொடுக்கும். மதுரைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப 320 ஆகும். அங்கே ஒரு முறை சார்ஜ் ஏற்றத் திட்டமிட வேண்டும். வாரம் இருமுறை சென்னைக்கோ கோவைக்கோ போகிறவர் சாதாரண ஹைபிரிடைப் பார்ப்பது நல்லது.

பலரும் கவனிக்காதது இன்னொன்று. காரின் பின் சீட்டில் அரிசி மூட்டை ஏற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. தனியார் கார் இன்சூரன்சில் வியாபாரச் சரக்கு ஏற்றுவதற்குப் பாதுகாப்பு கிடையாது. விபத்து நேர்ந்தால் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. மேலும் கடை பெயரில் கார் வாங்கினாலும் அதன் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. சரக்கு வாகனத்துக்கு எடுக்கலாம், ஆனால் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. பாவூர்சத்திரம், சுரண்டை மார்க்கெட்டிலிருந்து தினம் லோடு எடுப்பவருக்குக் காரைவிட மின்சாரச் சரக்கு வண்டியே பொருத்தம். 2022-ல் அறிமுகமான டாடா ஏஸ் மின்சார வண்டி 600 கிலோ ஏற்றி, ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் ஓடும் என்று சான்று பெற்றது. முழு லோடில் அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து மின்சாரம்தான் என்று முடிவு செய்தால், பணம் கட்டுமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தை சோதியுங்கள். இணைப்பில் அனுமதித்த லோடு சார்ஜருக்குப் போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். சாலை வரி விலக்கு வாங்கும் நாளில் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே உறுதி செய்யுங்கள். பேட்டரிக்கு எட்டு ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் வாரண்டி தருகின்றன. அதில் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.